பூத்தபின் எறியலாகாத செடி

அன்னாசி பயிரிடும் அங்கத்தினர்க்கு இது புதிய செய்தியன்று: ஒரு செடி ஒரு முறையே காய்க்கும், பின்னர் அதன் பக்கக் கன்றுகளே பலன் தரும். நாற்றுப் பண்ணைகளில் அழகுக்காக விற்கப்படும் ஈக்மியா என்னும் தொட்டிச் செடியும் அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெள்ளிப் பட்டையிட்ட இலைகளின் நடுவே இளஞ்சிவப்புப் பூங்கொத்து எழுந்து பல வாரங்கள் நிற்கும். அது வாடியதும் செடி தளர்வதைக் கண்டு, கொடுத்த விலை வீணாயிற்றென்று பலர் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். வட்டி பிறக்குமுன் முதலை எறிவதற்கு ஒப்பாகும் இது.

தளரும் தாய்ச்செடி ஓராண்டுக்கு மேலும் உயிருடனிருந்து, அடியில் கன்றுகளை ஈன்று ஊட்டும். கன்று தாயின் உயரத்தில் மூன்றிலொரு பங்காவது எட்டும்வரை பொறுத்தல் வேண்டும். ஆவலால் முன்னரே பிரித்த கன்று வேரூன்றாது அழுகும். கூரிய கத்தியால் தாயை ஒட்டி அறுத்து, வெட்டுவாயை ஒரு நாள் உலரவிட்டு, ஆழமின்றி நடுக. நன்கு பேணினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும்.

பிரேசில் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் செடி இது. புல்லுருவி அன்று, மரத்தின் சாற்றை உண்பதில்லை. ஆதலால் களிமண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, இலைமக்கு ஆகியவற்றின் கலவை ஏற்றது. வெளிச்சம் வேண்டும்; உச்சிவெயில் வேண்டா.

இலைகள் கூடி நடுவில் கிண்ணம்போல் அமைந்து நீரைத் தேக்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு இச்சிறு நீரே போதும். ஐந்து நாட்களுக்கொரு முறை தொட்டியைச் சாய்த்து நீரை வடித்து, புதுநீர் விடுக. வீட்டினுள் வைப்போர் கிண்ணத்தை உலரவிட்டு, அடிக்கலவையை மட்டும் நனைத்து வரலாம். மண்ணெண்ணெய் விடுவது செடியையே கெடுக்கும். தாமிரமும் இதற்கு நஞ்சு. பிற பயிர்களுக்கு மயில்துத்தம் சேர்ந்த போர்டோ கலவை தெளிக்கையில் இதனை அப்புறப்படுத்துக.

முற்றி வளர்ந்தும் பூக்காத செடிக்கு ஓர் உபாயம் உண்டு. கிண்ணத்து நீரை வடித்து, பழுத்த ஆப்பிள் ஒன்றுடன் செடியைப் பாலிதீன் பையால் மூடி, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். பழத்தினின்று எழும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். சில மாதங்களில் பூங்காம்பு தோன்றும். அன்னாசித் தோட்டங்களில் எத்திரல் மருந்தைக் குருத்தில் ஊற்றுவதும் இவ்வாயுவின் பொருட்டே.