வெளிமாநில வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

ஆரப்பாளையத்திலிருந்து தேனி, குமுளி வழியாக ஏலக்காய், மிளகு எடுக்கப் போய்வரும் நம் வியாபாரிகளுக்குக் கேரளப் பதிவு வண்டிகள் கண்ணில் படாமல் இருக்காது. "இங்கே விலையைவிட இருபதாயிரம் குறைவு" என்பார் தரகர். நாமும் அப்படி ஒரு லோடு வேன் வாங்கினோம். ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்தது, வண்டியும் வந்தது. முந்தைய சொந்தக்காரர் வாங்கியிருந்த கடன் தீராததால் தடையில்லாச் சான்று மட்டும் வரவில்லை. நான்கு மாதம் வேன் குடோன் வாசலில் நின்றது. சரக்கு ஏற்ற வாடகை வண்டி பிடித்தோம். மிச்சம் என்று நினைத்தது அதிலேயே போயிற்று.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இதுதான். வண்டி பதிவான ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ம் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வரி பாக்கி இல்லை, திருட்டு வழக்கு இல்லை என்று பார்த்த பிறகே அதைத் தருவார்கள். கடன் இருந்தால் நிதி நிறுவனம் கையெழுத்திட்ட 35-ம் படிவம் தேவை. பெயர் மாற்ற 29, 30-ம் படிவங்கள். நம் ஊர் எண் பெற 27-ம் படிவம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் கட்டாயம். அதற்காக வரிக்கும் பன்னிரண்டு மாதத் தவணை உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் தனி. அங்கே ஆயுள் வரி கட்டியிருந்தாலும் வண்டியின் வகை, வயதுக்கு ஏற்ப இங்கே மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கானதை அம்மாநில விதிப்படி திரும்பக் கேட்கலாம். இங்கே பதிவான சான்று காட்டினால்தான் கிடைக்கும். 1990-ல் வந்த நுழைவு வரி, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஒழிந்தது. அதன் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். எல்லையில் தடுப்பு இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் அல்லது 6,000 கிலோமீட்டருக்குள் ஓடிய காரைப் புதியது என்றே கணக்கிட்டு, கொண்டுபோகும் நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வாங்குகிறார்கள்.

ஆகவே விலை பேசுமுன் இங்கே கட்ட வேண்டிய வரியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து விலையோடு கூட்டிப் பாருங்கள். தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். நாம் பட்டது நம்மோடு போகட்டும்.