பின்னல் விரிப்பும் தளம் பாவும் கணிதமும்

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் எடுக்கும் தேனடையும், குரோஷா ஊசியால் பின்னிய அறுகோணத் துண்டுகளை இணைத்து வீடுகளில் செய்யும் மேசை விரிப்பும் ஒரே வடிவியல் விதிக்கு உட்பட்டவை. இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் ஒரு பரப்பை வடிவங்களால் நிரப்புவது கணிதத்தில் தளம் பாவுதல் எனப்படும். துண்டுகளின் முனைகள் கூடும் புள்ளியில் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகையாக இருக்க வேண்டும் என்பதால், பக்கங்களும் கோணங்களும் சமமாக உள்ள பல்கோணங்களுள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்று மட்டுமே தனித்து நின்று தளத்தைப் பாவும். தளத்தைச் சம பரப்புள்ள அறைகளாகப் பிரிக்கும் முறைகளுள் அறுகோண அமைப்புக்கே எல்லைக்கோட்டின் நீளம் மிகக் குறைவு என்பதைத் தாமஸ் ஹேல்ஸ் 1999இல் நிறுவினார். அதனால் தேனீக்கு மெழுகும், பின்னுபவருக்கு இணைப்புத் தையலும் மிச்சமாகின்றன.

குரோஷாவில் அறுகோணம் எளிதாக அமைவதற்கும் காரணம் உண்டு. மிகக் குட்டையான அடிப்படைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஒரு கண்ணி வளரும்போது சுற்றளவு இரண்டு பை அளவு, அதாவது சுமார் 6.28 கண்ணிகள், வளர வேண்டியிருக்கிறது. சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூட்டினால் பின்னல் தட்டையாக அமைகிறது. அவற்றை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடங்களில் கூட்டிவந்தால் அவையே ஆறு மூலைகளாகின்றன. கூட்டுவது குறைந்தால் பின்னல் கிண்ணமாகக் குழியும். மிகுந்தால் விளிம்பு கொசுவி அலையலையாக எழும். இந்த இரண்டாம் இயல்பைப் பயன்படுத்தியே, லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் அதிபரவளையத் தளத்தை, அதாவது முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குக் குறையும் பரப்பை, குரோஷாவில் பின்னிக் காட்டினார்.

2023இல் டேவிட் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் அறிவித்த ‘தொப்பி’ என்னும் பதின்மூன்று பக்க வடிவம், ஒரே கோலம் சீராகத் திரும்பத் திரும்ப வராத வகையில் மட்டுமே தளத்தைப் பாவுகிறது. ஆயினும் அதற்குக் கண்ணாடிப் பிம்பமான துண்டுகளும் இடையிடையே தேவை. காகிதத் துண்டைப் புரட்டி வைத்தால் போதும். பின்னலுக்கு நல்ல பக்கம், மறுபக்கம் என்ற வேறுபாடு இருப்பதால், அத்துண்டுகளைத் தனியே எதிர்த்திசையில் பின்ன வேண்டும். அதே ஆண்டில் அக்குழு கண்டறிந்த ‘பூதம்’ என்னும் வடிவத்துக்குப் பிம்பமே வேண்டாம் என்பதால், ஒரே செய்முறையில் பின்னிய துண்டுகளைக் கொண்டே திரும்ப வராத கோலமுடைய போர்வையைச் செய்துவிடலாம்.