கடலைத் தள்ளி நிறுத்துவது எது? போர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு நீரழுத்தக் கணக்கு

மாசி மகத்துக்கு ஊர் சாமியோடு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று தமிழகப் பக்கத்துத் தெய்வங்களும் அங்கே தீர்த்தவாரிக்கு வருகின்றன. அடுத்த முறை அந்த மணலில் நிற்கும்போது இதை யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய வரை உப்புத் தண்ணீர். கொஞ்சம் மேற்கே போனால் அதே மண்ணுக்கு அடியில் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிற நல்ல தண்ணீர். இரண்டுக்கும் நடுவே யாரும் சுவர் கட்டி வைக்கவில்லை. அப்படியானால் கடல் ஏன் நம் போருக்குள் வரவில்லை?

நல்ல தண்ணீரின் அழுத்தம்தான் அதைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது. அந்த அழுத்தம் குறைந்தால் கடல் உள்ளே வரும். கடலோரத்தில் பல இடங்களில் வந்தும் விட்டது.

அழுத்தம் என்பது பெரிய விஷயமில்லை. தண்ணீருக்கு எடை உண்டு. மேலே இருக்கிற தண்ணீர் கீழே இருப்பதை அழுத்துகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். சொட்டுநீர்க் குழாயில் மாட்டுகிற மீட்டரில் "ஒரு கிலோ பிரஷர்" என்று பார்க்கிறோமே, அது இதுதான். இதில் கணக்கு உயரத்துக்கு மட்டுமே. மூன்று மீட்டர் உயரத்தில் 500 லிட்டர் தொட்டி வைத்தாலும் 10,000 லிட்டர் தொட்டி வைத்தாலும் கீழே அழுத்தம் ஒன்றுதான். சொட்டுநீர் சரியாக விழவில்லை என்று தொட்டியைப் பெரிதாக்கிக் காசை வீணடித்தவர்கள் இருக்கிறார்கள். தொட்டியை உயர்த்தியிருக்க வேண்டும்.

இப்போது கடலுக்கு வருவோம். நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால், கடல் நீர் அதைவிடச் சுமார் 25 கிராம் கூடுதல் எடை. ஆகவே 40 மீட்டர் உயரக் கடல் நீரைச் சமாளிக்க 41 மீட்டர் உயர நல்ல தண்ணீர் வேண்டும். இதைத் திருப்பிப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அது கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை நெருங்க விடாது. கடலோரக் குப்பங்களில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுவதும் இதனால்தான்; மழை நீர் கனமான உப்பு நீர் மேல் மிதந்து நிற்கிறது.

இந்தக் கணக்கு நமக்கு எதிராகவும் வேலை செய்யும். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்பு நீர் நாளடைவில் 40 அடி வரை மேலே ஏறிவிடலாம்.

புதுச்சேரி மண்ணுக்கு அடியில் ஒரு காலத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது தெரியுமா? பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1870-களில், இங்கே ஆழத் துளை போட்டபோது மோட்டார் எதுவும் இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று என்பார்கள். இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880-ல் இந்தக் கிணறுகளைப் பற்றி எழுதி, சென்னைக்கும் இப்படித் தண்ணீர் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். நெய்வேலி நிலக்கரியும் அப்படித்தான் வெளியே தெரிந்தது. 1934-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆர்ட்டீசியன் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அந்தப் படுகைக்கு அடியில் இருந்த தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளியது. இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கமே வெட்ட முடியாது.

தானாக ஏன் பொங்கியது? வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டில் விழும் மழை மணற்பாறைக்குள் இறங்குகிறது. அந்த அடுக்கு கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது, மேலே களிமண் மூடி. மேட்டுத் தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பள்ளத்தில் ஓட்டை போட்டால் பீய்ச்சுமே, அதேதான்.

இன்றைக்கு அந்தப் பொங்கல் நின்றுவிட்டது. அது எப்படி இறங்கியது என்பது நம் மோட்டார்களின் கதையிலேயே இருக்கிறது. மேலே வைத்த பழைய மோட்டார் தண்ணீரை "இழுக்கிறது" என்று சொல்வோம். உண்மையில் அது இழுப்பதில்லை. குழாயில் உள்ள காற்றை எடுத்துவிடுகிறது, வெளியே உள்ள காற்றின் எடை தண்ணீரை உள்ளே தள்ளிவிடுகிறது. காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரம்தான் தள்ள முடியும், நடைமுறையில் 6, 7 மீட்டர். எத்தனை எச்.பி. மோட்டார் போட்டாலும் இதே எல்லைதான். புட் வால்விலோ ஜாயிண்டிலோ சிறிது காற்றுக் கசிந்தாலும் தண்ணீர் ஏறாது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கினோம். பிறகு கம்ப்ரசர் வந்தது. குழாய்க்குள் காற்றை விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் குமிழியோடு கலந்து லேசாகிவிடும். வெளியே உள்ள கனமான தண்ணீர் அதை மேலே தள்ளும். கடைசியாக நீர்மூழ்கி மோட்டார். அது அடியிலிருந்து தள்ளுவதால் காற்றின் எல்லை அதற்குக் கிடையாது.

ஆபத்தும் அங்கேதான். பழைய மோட்டார் ஒரு மட்டத்தில் தானாக நின்று போகும். நீர்மூழ்கி மோட்டார் கடல் மட்டத்துக்குக் கீழே போயும் இறைக்கும். அப்போது கடலின் அழுத்தம் நம் அழுத்தத்தை மிஞ்சி, உப்பு நீர் போரை நோக்கி நகரத் தொடங்கும். வந்த உப்பை வெளியேற்ற ஒரு மழைக்காலம் போதாது.

கடலோரத்தில், தண்ணீர் குறைகிறது என்று போரை இன்னும் ஆழமாக்குவதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. அடியில் உப்பு நீர் இருந்தால் அதை நாமே போய்த் தொடுகிறோம். பெரிய மோட்டாரால் இரண்டு மணி நேரத்தில் இறைப்பதைச் சிறிய மோட்டாரால் ஐந்து மணி நேரத்தில் இறையுங்கள். போரைச் சுற்றி நீர்மட்டம் அவ்வளவு பள்ளமாக இறங்காது, உப்பு நீரும் கூம்பு போல மேலே ஏறாது. மேலடுக்கில் உப்பு நீர் உள்ள இடங்களில் கேசிங் குழாய் ஓட்டையாகிவிட்டால், அழுத்தம் குறைந்த கீழடுக்குக்குள் அந்த உப்பு இறங்கும். கைவிட்ட போரைத் திறந்தபடி விடாமல் களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்துவிடுங்கள். புதிய போர் போடுவதற்கு முன், புதுச்சேரியில் 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏரி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஊசுடு, பாகூர் உட்பட புதுச்சேரியின் 84 ஏரிகளில் நிற்கும் ஒவ்வோர் அடித் தண்ணீரும் மேலடுக்கு நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

தை மாதமும் வைகாசியிலும், மோட்டாரை ஓர் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் கயிற்றில் எடை கட்டிப் போரின் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். அதே நாளில் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள். குரும்பாப்பேட்டையில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம். மின்கடத்துத் திறன் 0.7 டெசிசைமன்சுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நாற்றங்காலுக்கு விடாதீர்கள். அதற்கு இடையில் இருந்து, ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால், அந்த வருடமே இறைக்கும் நேரத்தைக் குறைத்து, நெல்லுக்குப் பதில் குறைந்த தண்ணீர்ப் பயிருக்கு மாறுங்கள்.