நகரின் விளிம்பில் – 9: திகனயின் விலையை உண்டாக்கியவர்கள்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் திகன. ரயில் கிடையாது. அதிவேகப் பாதையும் கிடையாது. காலை வேளையில் தென்னகும்புரப் பாலத்தைத் தாண்டிக் கண்டிக்குள் நுழைவதற்குள் பஸ்ஸில் இருப்பவருக்குப் பொறுமை போய்விடும். அப்படியிருந்தும் இங்கே காணி பார்க்க வருகிறவர் பேர்ச் விலையைக் கேட்டதும் தரகரிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு தூரத்திலுமா இந்த விலை?"

சென்ற வாரம் கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்தோம். தலைநகரில் வேலை, வெளியே வீடு என்ற கணக்கு அங்கே பெரும்பாலும் போதும். தூரம் கூடக் கூட விலை இறங்கும். கண்டியில் அந்தக் கணக்கு உதவாது. ஏனென்றால் இந்த நகரத்துக்குக் கை கால் நீட்ட இடமில்லை.

மகாவலி மூன்று பக்கம் வளைத்து ஓடுகிறது. தெற்கே ஹந்தானை. தலதா மாளிகைக்குப் பின்னாலேயே உடவத்தைக்கலைக் காடு. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகு பழைய நகருக்குள் உயரக் கட்டவும் கட்டுப்பாடு. மிஞ்சியிருப்பது சரிவு நிலம். மலைச்சரிவில் வீடு கட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு வீண் தொந்தரவு என்று முணுமுணுத்தவர்கள், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்து மண்சரிவுகள் எடுத்த உயிர்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அல்பேர்ட் சாயிஸ் என்ற பொருளியலாளர் 2010இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு நகரத்தின் மையத்திலிருந்தும் 50 கிலோமீட்டர் ஆரைக்குள் எவ்வளவு நிலம் நீராலும், 15 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவாலும் கட்டத் தகாததாகிறது என்று அளந்தார். அப்படிப்பட்ட நிலம் கூடிய நகரங்களில் வீட்டு விலையும் கூடியிருந்தது. கடலும் மலையும் நெருக்கும் சான் பிரான்சிஸ்கோ அதற்கு நல்ல உதாரணம். அதே அளவுகோலைக் கண்டியில் வைத்துப் பாருங்கள். மலையும் ஆறும் கழித்துவிட்டால், குடும்பங்கள் நம்பிக் குடியேறக்கூடிய சமநிலம் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில்தான் பரந்து கிடக்கிறது. குண்டசாலை, பல்லேகலை, பலகொல்ல, கெங்கல்ல, கடைசியில் திகன. மழையும் இங்கே குறைவு. ஒரு காலத்தில் கொக்கோவும் புகையிலையும் விளைந்த மண்.

இந்தச் சமநிலத்தின் அருமையை முதலில் கண்டவர்கள் நம் காலத்தவர் அல்ல. 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் கண்டி அரண்மனையை விட்டுக் குண்டசாலையிலேயே மாளிகை கட்டித் தங்கினான். அவன் மதுரையிலிருந்து மணந்த அரசியின் சகோதரன்தான் அவனுக்குப் பின் அரியணை ஏறி, கண்டியில் நாயக்கர் ஆட்சியைத் தொடக்கினான்.

ஆனால் சமநிலம் இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது. திகனயில் விலையை உண்டாக்கியது பொதுப்பணம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மகாவலி துரித அபிவிருத்தித் திட்டத்தில் விக்டோரியா அணைக்கட்டு எழுந்தது. 122 மீட்டர் உயரம், 210 மெகாவாட் மின்சாரம். பெரும்பகுதி பிரித்தானிய உதவி. 1985 ஏப்ரலில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரும் திறந்து வைத்தார்கள். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிற்று. கோயில், கடை, வயல், வீடு எல்லாம் சேர்ந்து போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. ஒரு பகுதியினர் தொலைவில் உள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்கு, இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் பெற்றுக்கொண்டு போனார்கள். மறுபுறம், அணை வேலைக்கு வந்த பொறியியலாளர்களுக்காகத் திகனயில் வீடுகள் எழுந்தன. மூழ்கிய நகருக்குப் பதிலாக அரசு திட்டமிட்ட புதிய நகரமாகவும் திகன வளர்ந்தது. வீதி, மின்சாரம், தண்ணீர், கடைத்தெரு எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன. ஒரு பட்டினத்துக்கு நூறு ஆண்டில் கிடைக்க வேண்டியது திகனக்கு ஏழெட்டு ஆண்டில் கிடைத்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பல்லேகலையில் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் பேட்டை. மாகாண சபை அலுவலகங்கள். 2009இல் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம். ராஜவெல்லவில் பழைய தென்னந்தோட்டம் 1999இல் கோல்ஃப் மைதானமாகி, அதைச் சுற்றி நீர்த்தேக்கமும் நக்கிள்ஸ் மலையும் தெரியும் வீடுகள் எழுந்தன. 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. குத்தகைக்கு வழி இருந்தது. வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர்களுக்கு அந்தத் தடையும் இல்லை. 2022இல் ரூபாய் சரிந்தபோது டொலரும் ரியாலும் கையில் வைத்திருந்தவருக்குத் திகனயில் பத்துப் பேர்ச் எட்டும் பொருளாயிற்று. உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு எட்டாததாயிற்று. 2020 ஆகஸ்டிலிருந்து ஹாரகம, அனுரகம பக்கம் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளும் இங்கே காணி வாங்கும் ஆசையைக் குறைத்துவிடவில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் விலைப் பேச்சில் சேர்ப்பதில்லை. கண்டியிலிருந்து இதே தூரம் தெற்கே கலஹாப் பக்கம் போனால் காணி விலை என்ற பேச்சே அவ்வளவாக எழாது. அங்கே தேயிலைத் தோட்டங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கையில், நிலம் அரசின் பெயரில். அந்த நிலம் சந்தைக்கு வராது. வராத நிலம் எவ்வளவு கூடுகிறதோ, வரும் நிலத்தின் மேல் அவ்வளவு நெருக்கடி. அந்த நெருக்கடியைத் தாங்குவது தும்பறைப் பள்ளத்தாக்கு.

அந்தத் தோட்டங்களில் ஐந்து, ஆறு தலைமுறையாக லயத்தில் வாழும் நம் மக்களுக்கு உறுதியோடு தருவதாகச் சொல்லப்பட்ட காணி 7 பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச் என்றால் 7 பேர்ச் சுமார் 1,900 சதுர அடி. அதையும் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் கண்ணால் பார்க்கவில்லை. தோட்டத்தை விட்டுப் பல்லேகலை ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் பெண் பிள்ளை, போர்டிங் அறைக்குக் கட்டும் வாடகையில் இந்த ஊரின் விலையைத் தானும் சுமக்கிறாள். விலை ஏறினால் வாடகை ஏறும். அவள் சம்பளம் அதைத் துரத்திப் பிடிப்பதில்லை.

எனக்கு இதில் கோபம் உண்டு. அணைக்கட்டும் வீதியும் மைதானமும் மக்கள் பணம். அவற்றால் கூடிய பெறுமதியோ, அந்த நேரத்தில் பக்கத்தில் காணி வைத்திருந்தவரின் பெட்டிக்குள் போகிறது. நிலத்தின் உயர்வுக்கு உரிமையாளர் உழைக்கவில்லை, ஆகவே அதில் ஊருக்குப் பங்கு உண்டு என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜோர்ஜ் 1879இலேயே எழுதினார். நம்மிடம் அதற்குக் கருவி இல்லாமல் இல்லை. பிரதேச சபைகள் ஆதன வரி அறவிடுகின்றன. குண்டசாலைப் பிரதேச சபை காணிகளின் இன்றைய பெறுமதியைக் கணக்கில் எடுத்து, வெறுமனே பூட்டிக் கிடக்கும் பிளாக்குகளுக்குக் கூடுதலாக விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கட்டும். பல்லேகலைத் தொழிற்சாலைகளுக்கு நடந்து போகும் தூரத்தில், அரசாங்கக் காணியில், நீண்டகால வாடகைக்கு. அப்படி ஒன்று எழுந்தால் தனியார் போர்டிங் வாடகையும் இஷ்டத்துக்கு ஏற முடியாது.

(அடுத்த வாரம்: வத்தளை)