மதிப்பு என்றால் என்ன?

'மதிப்பு' என்னும் சொல்லை நாம் பல பொருளில் வழங்குகிறோம். நகைக்கடையில் அது விலை. 'ஊரில் அவருக்கு நல்ல மதிப்பு' என்றால் மரியாதை. இயற்பியலிலோ, அளந்து பெற்ற எண்ணும் அதன் அலகும் சேர்ந்ததே மதிப்பு.

ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலை 20 முறை அலையவிடுங்கள். 40.5 விநாடி ஆனதாகக் கொள்வோம். கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.63 மீ/வி² என வரும். பாடநூலில் 9.8! உடனே சில மாணவர்கள் 40.5-ஐ அழித்து 40.1 என்று எழுதிவிடுவார்கள். ஆய்வகத்தில் இதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

இந்தச் சபலம் பெரியவர்களையும் விட்டதில்லை. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்து 1913-இல் வெளியிட்டார். காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட எண் சற்றுத் தவறு. எனவே விடை ஏறத்தாழ 0.6 சதவீதம் குறைந்தது. பின்வந்தோரின் விடைகள் ஒரேயடியாக உயராமல் சிறிது சிறிதாகவே உயர்ந்தன. ஏன்? விடை மில்லிகனுடையதைவிட மிகுந்தால் பிழை தேடினார்கள்; அதை ஒட்டி வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. ரிச்சர்ட் ஃபெயின்மன் 1974-இல் ஓர் உரையில் இதைச் சுட்டிக்காட்டினார்.

ஆகவே, 9.63 என்றே எழுதுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்தீர்களா? கொக்கியோடு நிறுத்திவிட்டீர்களா? நிறுத்து கடிகாரத்தைத் தாமதமாக அழுத்தினீர்களா? மீண்டும் அளந்து, அதையும் பழைய அளவீட்டின் கீழே எழுதுங்கள்.

மதிப்பெண் ஒன்று குறையலாம். ஆனால் உங்கள் ஏட்டை நம்பலாம் என்னும் மதிப்பு குறையாது.