உங்களுக்குத் தெரியுமா? புள்ளி சொல்லும் சேதி

குழந்தைகளின் இரவு உடையில் தீப்பற்றாமலிருக்க அமெரிக்காவில் சேர்த்த ‘டிரிஸ்’ என்ற ரசாயனத்தை முதலில் காட்டிக்கொடுத்தவை பாக்டீரியாக்கள். 1977 ஜனவரியில் ஆய்வாளர்கள் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் இருவரும் அது ஆபத்தானது என்று எச்சரித்தார்கள். எலிகளுக்கு அது புற்றுநோய் தருவதும் தெரிய, அந்த ஏப்ரலிலேயே தடை வந்தது. உடலோடு ஒட்டிக் கிடக்கும் துணி அல்லவா!

பாக்டீரியாக்களை இப்படிக் காட்டிக்கொடுக்க வைத்தது, பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், 1970களின் தொடக்கத்தில் ஏம்ஸ் உருவாக்கிய சோதனை. மரபணுவில் பிழை உள்ள சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்கிறார்கள். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க அதற்கு வழியில்லை, ஊட்டினால்தான் வளரும். ஹிஸ்டிடின் போதாத தட்டில் அதைப் பரப்பி, சந்தேகப்படும் ரசாயனத்தையும் சேர்த்து வைப்பார்கள். ரசாயனம் மரபணுவைக் கலைக்கக் கூடியதென்றால், சில செல்களில் பழைய பிழை தற்செயலாகத் திருந்திவிடும். அவை மட்டும் பெருகி, இரண்டு நாளில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ரசாயனம் சேர்க்காத தட்டிலும் சில புள்ளிகள் வரும். அதைவிட வெகுவாகக் கூடினால்தான் கவலை. எலிகளை வைத்துப் பார்ப்பதென்றால் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சில பொருள்கள் கல்லீரலில் மாறிய பிறகே மரபணுவைத் தாக்கும். பாக்டீரியாவுக்குக் கல்லீரல் ஏது? எலியின் கல்லீரலை அரைத்தெடுத்த சாற்றையும் தட்டில் சேர்த்தார் ஏம்ஸ். இந்தச் சோதனையின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

1975இல் ஏம்ஸ் குழு சோதித்த 169 நிரந்தரத் தலைச்சாயங்களில் 150 மரபணு மாற்றத்தை உண்டாக்கின.

ஜப்பானில் டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் கெடாமலிருக்கச் சேர்த்த ‘ஏஎஃப்-2’, அக்கால விலங்குச் சோதனையில் தேறிய பொருள். பல ஆண்டுகள் மக்கள் தினமும் உண்டார்கள். 1973இல் பாக்டீரியாச் சோதனையில் மாட்டிக்கொண்டது. மறு ஆண்டே தடை. பிறகு நடந்த விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோய் தருவதும் உறுதியானது.

கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் தன் பாக்டீரியாக்களை ஏம்ஸ் இலவசமாக அனுப்பிவைத்தார். உலகெங்கும் இந்தச் சோதனை பரவியதற்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம்.

ஆனால், ‘புள்ளி கூடவில்லை, எனவே பாதுகாப்பானது’ என்று முடிவுகட்ட முடியாது. நுரையீரல் புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் இந்தத் தட்டில் சிக்குவதில்லை.