நாளைக்கு பெருநாளா, ஷிஃப்டா? பிறை விவாதத்தில் மோதுவது வேதமும் விஞ்ஞானமுமா?

சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் முஸ்லிம் தொழிலாளிக்கு ரமலான் 29-ம் நாள் மாலை ஒரே கேள்விதான்: நாளைக்கு லீவா, ஷிஃப்டா? 2024-ல் கேரளாவில் ஏப்ரல் 10-ம் தேதி பெருநாள். தமிழகத்தில் ஏப்ரல் 11. ஒரே லைனில் நிற்கும் இருவரின் ஊர்களில் இரண்டு பெருநாள்.

நிலா எங்கே இருக்கும் என்று நொடி சுத்தமாகச் சொல்லிவிடும் காலத்தில் ஏன் இந்தக் குழப்பம்?

நபிமொழி சொல்வது என்ன?

பிறை பார்த்து நோன்பைத் தொடங்குங்கள், பிறை பார்த்து முடியுங்கள், மேகம் மறைத்தால் 30 நாளாக நிறைவு செய்யுங்கள். சாரம் இதுதான்.

கணக்கு போதும் என்பவர்கள் வாதம்

தொழுகை நேரத்துக்கு இன்று யாரும் நிழலை அளப்பதில்லை, பள்ளிவாசலில் கடிகாரம் இருக்கு. பிறைக்கு மட்டும் ஏன் கண்? எகிப்திய ஹதீஸ் அறிஞர் அஹ்மத் முஹம்மத் ஷாகிர் 1939-லேயே இதை எழுதினார்: அன்றைய சமூகத்துக்கு எழுத்தும் கணக்கும் தெரியாது என்பதால் வந்த விதி அது, காரணம் மாறினால் வழிமுறையும் மாறலாம். வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில் 2006-ல் கணக்கை ஏற்றது.

பார்க்கத்தான் வேண்டும் என்பவர்கள் வாதம்

'பார்த்தல்' என்பதே கட்டளை. அதோடு, அமாவாசை நேரத்தைத் துல்லியமாகக் கணிக்கலாம். ஆனால் பிறை கண்ணுக்குத் தெரியுமா என்பது வானிலையையும் இடத்தையும் பொறுத்தது. கண்ணால் பார்ப்பதற்கு நிபுணர் தேவையில்லை, எந்தக் கிராமத்திலும் முடியும்.

பழைய தத்துவவாதிகள்?

12-ம் நூற்றாண்டில் கொர்தோபாவில் நீதிபதியாக இருந்த இப்னு ருஷ்து, உண்மையும் உண்மையும் மோதாது என்றார். நிரூபணத்தோடு வசனத்தின் மேலோட்டப் பொருள் மோதினால் விளக்கம் தேட வேண்டும். தத்துவவாதிகளைக் கடுமையாக விமர்சித்த கஸ்ஸாலிகூட, கிரகணக் கணக்கை மதத்தின் பெயரால் மறுப்பது மதத்துக்கே கேடு என்றார். ஆக, கணிதத்தில் சண்டை இல்லை. ஒரு கட்டளையில் எது நோக்கம், எது வழிமுறை என்பதில்தான் சண்டை.

அப்போ யார் முடிவு செய்வது?

தமிழகத்தில் தலைமை காஜி அறிவிக்கிறார்; சில அமைப்புகள் தனியாக முடிவெடுக்கின்றன. மக்கள் எல்லோரும் கொண்டாடும் நாளே பெருநாள் என்ற கருத்திலும் ஒரு நபிமொழி திர்மிதி தொகுப்பில் உண்டு. அதன்படி பார்த்தால், பிறை தனிமனிதர் கணக்கு அல்ல, ஊர் சேர்ந்து எடுக்கும் முடிவு. அந்த முடிவு மாலையில் வரும்வரை, ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஓர் ஆளைத் தேடி வைப்பது தொழிலாளியின் பாடு.